கடலோரக் காரின் பிரேக் காலிப்பருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பது எப்படி?

கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி வண்டி நிறுத்துகிறவர்களுக்குத் துருவைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். திருவான்மியூரில் எங்கள் தெருவில் கேட் கீல், மொட்டைமாடிக் கம்பி, ஏசியின் வெளிப்பெட்டி என்று எல்லாமே பழுப்பேறித்தான் நிற்கும். என்னுடைய 2014 ஸ்விஃப்ட்டின் பாடியில் இன்னும் ஒரு பொட்டுத் துரு கிடையாது. ஆனால் அலாய் வீலின் இடுக்கு வழியே பார்த்தால் தெரியும் காலிப்பர், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேடு என்னும் கட்டைகளால் இருபக்கமும் அழுத்தி நிறுத்தும் இரும்புப் பிடி, பழைய கிணற்று ராட்டினம் மாதிரி ஆகிவிட்டது. வாரத்துக்கு ஒரு முறை வண்டியைக் கழுவித் துடைக்கும்போதெல்லாம் அது கண்ணை உறுத்தியது. அதனால் முன் சக்கரம் இரண்டுக்கும் நானே உட்கார்ந்து பெயிண்ட் அடித்தேன். அந்த வேலையை எப்படிச் செய்வது, எதைத் தொடவே கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். காலிப்பருக்குப் பெயிண்ட் அடித்தால் பிரேக் ஒரு துளிகூட அதிகம் பிடிக்காது. அது வார்ப்பிரும்பு. மேல்துரு பிடித்தாலும் உள்ளே பேடைத் தள்ளும் பிஸ்டனும் ஆயில் கசியாமல் காக்கும் சீலும் நன்றாக இருந்தால் பிரேக் நன்றாகவே பிடிக்கும். பெயிண்டால் கிடைப்பது இரண்டுதான்: பார்வைக்குச் சுத்தம், உப்புக்காற்று நேராக இரும்பைத் தின்னாமல் ஒரு மறைப்பு. இதற்காக பிரேக்கின் எந்த இயக்கத்திலும் கை வைக்கக் கூடாது. நான் சொல்லும் முறையில் பிரேக் ஆயில் வரும் ஹோஸைக் கழற்றுவதில்லை, காலிப்பர் போல்ட்டைத் தொடுவதில்லை. சக்கரத்தை மட்டும் கழற்றி, காலிப்பர் இருக்கிற இடத்திலேயே இருக்க, பிரஷ்ஷால் அடிக்கிறோம்.

காலிப்பரைக் கழற்றி எடுத்து அடித்தால் பின்பக்கமும் அழகாக வருமே என்று கேட்பார்கள். வரும்தான். ஆனால் ஹோஸைக் கழற்றினால் லைனில் காற்று ஏறும். பிளீடிங், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றும் வேலை, செய்தாக வேண்டும். வாஷர் மாற்ற வேண்டும். ஹோஸைக் கழற்றாமல் காலிப்பரை அதிலேயே தொங்கவிட்டால் அந்த எடையில் ஹோஸ் உள்ளுக்குள் பழுதாகும். சக்கரத்தை மாட்டிய பிறகு யார் கண்ணுக்கும் படாத பக்கத்துக்காக இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பேடு மாற்றவோ சீல் கிட் போடவோ மெக்கானிக் எப்படியும் கழற்றும் நாள் வரும். பின்பக்கத்தை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

எந்தப் பெயிண்ட்?

இதில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். கடைக்குப் போய் "சூடு தாங்கும் பெயிண்ட் கொடுங்க" என்று கேட்டால், 600 டிகிரி என்று எழுதிய ஸ்பிரே டின்னை எடுத்து வைப்பார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அது பெரும்பாலும் சைலன்ஸருக்கும் அடுப்புக்குமான சிலிகான் பெயிண்ட். அது முழுசாக இறுகுவதற்கே ஏறத்தாழ 200 டிகிரி சூடு வேண்டும். சைலன்ஸர் தினமும் அந்தச் சூட்டுக்குப் போகிறது, அங்கே அது கெட்டியாகிவிடும். ஊருக்குள் ஓடும் காரின் காலிப்பர் அந்தச் சூட்டைப் பார்ப்பதே இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால்கூட அதிகம் கொதிப்பது டிஸ்க்கும் பேடும்தான். காலிப்பரின் வெளிப்புறம் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆக, 600 டிகிரி பெயிண்ட் காலிப்பரில் கடைசிவரை அரைவேக்காடாகவே இருக்கும். நகத்தால் கீறினால் வரும். பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டால் வழித்துக்கொண்டு போய்விடும்.

சாதாரண கேட் பெயிண்ட் அதற்கு நேர் எதிர். சூட்டில் மஞ்சளித்து உரியும், பிரேக் ஆயிலுக்குச் சுத்தமாகத் தாங்காது. டாட் 3, டாட் 4 ஆயில்கள் கிளைகால் வகை, பெயிண்டைக் கரைக்கும் குணம் அவற்றுக்கு இயல்பிலேயே உண்டு. அடியில் ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு மேலே நல்ல பெயிண்ட் போடுகிறேன் என்பதும் வேண்டாம். அடி இளகினால் மேலே இருப்பதும் சேர்ந்தே வரும்.

வேண்டியது காலிப்பருக்கென்றே வரும், ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு பாகப் பெயிண்ட். ஃபோலியாடெக், ஜி2 போன்ற வெளிநாட்டு கிட்கள் இந்த வகைதான். ஆன்லைனில் கிடைக்கும், விலை கொஞ்சம் கடிக்கும். ஹார்டனர் ரசாயன மாற்றத்தால் இறுக்குவதால், அடுப்புச் சூடு இல்லாமலே அறை வெப்பத்தில் கெட்டியாகும். இரும்பின் மேல் நேரடியாக அடிக்கலாமா, பிரைமர் வேண்டுமா என்பது டின்னிலேயே இருக்கும். அதை மட்டும் நம்புங்கள். கலக்கும் விகிதத்திலும் கண்மதிப்பு வேண்டாம். ஹார்டனர் குறைந்தால் பிசுபிசுப்பு போகாது, கூடினால் காய்ந்த பிறகு வெடிப்பு விழும்.

நிறம் அவரவர் இஷ்டம். என் கருத்து: ஸ்விஃப்ட் மாதிரிச் சின்ன வண்டியில் காலிப்பர் ஒற்றைப் பிஸ்டன், சின்னது. சிவப்பு அடித்தால் அதன் சிறுமைதான் முதலில் தெரியும். அடர் சாம்பலோ கறுப்போ அடித்தால் சக்கரம் முழுக்க ஒரு ஒழுங்கு வருகிறது. நான் அடித்தது அடர் சாம்பல்.

சாமான்கள்

பிரேக் கிளீனர் ஸ்பிரே இரண்டு டின் வாங்கிவிடுங்கள், ஒன்று போதாது. வழக்கமான டபிள்யூடி-40 டின்னை இதற்கு எடுக்காதீர்கள், அது எண்ணெய்ப் படலம் விடும். டிஸ்க்கில் பட்டால் ஆபத்து, காலிப்பரில் பட்டால் பெயிண்ட் ஒட்டாது. கம்பி பிரஷ் பெரிதாக ஒன்று, பல் துலக்கும் பிரஷ் அளவில் பித்தளைக் கம்பியில் ஒன்று, 80, 120, 240 உப்புத்தாள், நல்ல மாஸ்கிங் டேப், அலுமினியம் ஃபாயில், நைலான் முடி உள்ள அரை இஞ்ச் பிரஷ் இரண்டு, ஓவியம் வரையும் மெல்லிய பிரஷ் ஒன்று, பஞ்சு உதிராத துணி, நைட்ரைல் கையுறை, கண்ணாடி, என்95 மாஸ்க். சென்னைக்காரர்களுக்கு ஜி.பி. ரோட்டில் ஒரு நடை போனால் பெரும்பாலும் எல்லாம் கிடைக்கும். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்டு இல்லாதவர்கள் அதை முதலில் வாங்குங்கள், பெயிண்ட் பிறகு.

நேரம் பார்ப்பதும் ஒரு சாமான் மாதிரிதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைத் தொடவே வேண்டாம். ஈரக்காற்றில் பெயிண்ட் வெளுத்துப் புகை படிந்ததுபோல ஆகும். சித்திரை வெயிலில் நேர் வெயில் படும் இடத்தில் அடித்தால் பிரஷ் இழுக்கும் முன்பே காய்ந்து கோடு விழும். தையும் மாசியும் நல்ல மாதங்கள். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்பிவிடும், அதில் ஈரமும் உப்பும் சேர்ந்தே வரும். சுத்தம் செய்த வெற்று இரும்பு அந்தக் காற்றில் நின்றால் சாயங்காலத்துக்குள் மெல்லிய செம்பழுப்பு படிந்துவிடும். அதனால் பனி விலகியதும் தொடங்கி, முதல் கோட்டைக் காற்று எழும்புவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஒரு காலைக்கு ஒரு சக்கரம் என்று வைத்துக்கொண்டால் அவசரம் இருக்காது.

வண்டியைத் தூக்குவது

தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். மணல் தெருவில், சரிவான ராம்ப்பில் வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்துப் பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை வையுங்கள். ஸ்விஃப்ட் முன் சக்கரத்தில் இழுக்கும் வண்டி. முன்பக்கத்தைத் தூக்கிய பிறகு கியரில் போட்டிருப்பதை நம்ப முடியாது. அப்போது வண்டியைப் பிடித்து நிற்பது ஹேண்ட் பிரேக்கும் கட்டையும்தான்.

வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டு நாலையும் அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, காலிப்பர் வெளியே நன்றாகத் தெரியும் பக்கமாக ஸ்டீயரிங்கைத் திருப்பி வைத்துவிட்டுத் தூக்குங்கள். கையேட்டில் காட்டிய இடத்தில் ஜாக் ஸ்டாண்டு நிறுத்தி, வண்டியின் பாரம் அதில் உட்கார்ந்ததைப் பார்த்து, ஒரு முறை தோளால் தள்ளியும் பார்த்துவிட்டுச் சக்கரத்தைக் கழற்றுங்கள். கழற்றிய சக்கரத்தை கதவுக்குக் கீழே உள்ள ஓரப்பட்டியின் அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். டிக்கியில் வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். அதை மட்டும் நம்பி அடியில் கையும் தலையும் நீட்டுவது கூடவே கூடாது.

பெயிண்டுக்கு முன் ஒரு பார்வை

சக்கரம் கழன்று நிற்கும்போது காலிப்பரை டார்ச் அடித்து நிதானமாகப் பாருங்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா? அந்த இடத்தில் ஈரப் பளபளப்பு இருக்கிறதா? ஹோஸ் வளையும் இடத்தில் வெடிப்பு? காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள் அடியில் கசிவு? பேடு எவ்வளவு மிச்சம்? காலிப்பரைக் கையால் பிடித்து உள்ளே வெளியே அசைத்தால், அது சறுக்கி நகரும் கைடு பின்னில் கொஞ்சமாவது நகர வேண்டும்.

இதில் ஒன்று சரியில்லை என்றாலும் பெயிண்ட் டின்னைத் திறக்காதீர்கள். சக்கரத்தை மாட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கசிவு இருந்தால் வண்டியை எடுக்காமல் அவரை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். கசியும் காலிப்பருக்குப் பெயிண்ட் அடித்தால், கசிவைக் காட்டிக்கொடுக்கும் கறையையும் சேர்த்து மறைத்துவிடுவோம். பழைய காருக்குப் பெயிண்ட் அடித்து விற்கிறவர்களிடம் நான் மன்னிக்காத விஷயம் அது. பிரேக் ஆயிலை மாற்றி எவ்வளவு நாள் ஆகிறது என்பதையும் அப்படியே நினைத்துப் பாருங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்லித்தான் பெரும்பாலான கையேடுகளில் இருக்கிறது.

சுத்தம்தான் வேலை

என் அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். எந்தப் பொருளுக்கும் பெயிண்ட் அடிக்கும் முன் அதை விரலால் தேய்த்துவிட்டு அந்த விரலைப் பார்ப்பார். விரலில் ஏதாவது ஒட்டியிருந்தால் திரும்பவும் துடைக்கச் சொல்வார். காலிப்பருக்கு அந்தச் சோதனையைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

முதலில் தூசு. பிரேக் தூசைக் காய்ந்தபடி தட்டவோ புளோயரால் ஊதவோ கூடாது. அந்தப் பொடி நுரையீரலுக்குக் கேடு, பழைய பேடு சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ்கூட இருக்கலாம். மாஸ்க் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து ஈரத்தோடே இறக்குங்கள். கீழே பழைய தட்டு ஒன்றை வைத்துக்கொண்டால் கறுப்புத் தண்ணீர் தரையில் பரவாது.

தண்ணீர் காய்ந்ததும் பெரிய கம்பி பிரஷ். தளர்ந்த துரு செதிலாக விழும். ரப்பர் பூட் பக்கமும் ஹோஸ் பக்கமும் கம்பி பிரஷ் போகவே கூடாது; அங்கெல்லாம் நைலான் பிரஷ்தான். டிரில்லில் மாட்டும் கம்பிச் சக்கரம் வைத்திருப்பவர்கள் வெளிப்புறச் சமதளத்தில் மட்டும் பயன்படுத்துங்கள், ஓரங்களுக்குக் கைதான் சரி. பிறகு 80 உப்புத்தாளால் துருக்குழிகளின் விளிம்பைத் தேய்த்து, 120ல் ஒரு சுற்று, 240ல் ஒரு சுற்று. கண்ணாடிபோல வழவழப்பாக்க வேண்டாம். பெயிண்ட் பிடிக்கக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். வார்ப்பில் எழுந்து நிற்கும் எழுத்தும் எண்ணும் இருக்கும். அவற்றைச் சுற்றிய பள்ளத்தில்தான் எண்ணெயும் தூசும் சேர்ந்து தார்போல இறுகியிருக்கும். பித்தளைப் பிரஷ்ஷும் பல்குத்தும் குச்சியும் அங்கேதான் வேலை பார்க்கும். அந்தப் பள்ளத்தை விட்டுவிட்டு அடித்த பெயிண்ட் அங்கிருந்துதான் முதலில் கிளம்பும்.

எவ்வளவு தேய்த்தும் குழிக்குள் துரு நின்றால் ரஸ்ட் கன்வெர்ட்டரை மெல்லிய பிரஷ்ஷால் அந்த இடத்தில் மட்டும் வைக்கலாம். துரு கறுத்துக் கெட்டியாகும். அதை மேலே அடிக்கப்போகும் பெயிண்ட் ஏற்றுக்கொள்ளுமா என்று டின்னைப் பார்த்துவிட்டு வையுங்கள்.

கடைசியாக பிரேக் கிளீனர். மேலிருந்து கீழாக, வழிந்து ஓடும் அளவுக்கு அடித்து, சுத்தத் துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு வராமல் போகும்வரை திருப்பித் திருப்பித் துடையுங்கள். இரண்டாவது டின் இதற்காகத்தான். பக்கத்தில் நெருப்பு, பீடி, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது. கதவடைத்த ஷெட்டிலும் வேண்டாம். துடைத்த பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள், விரல் எண்ணெயே போதும் பெயிண்ட் விலக.

எங்கே பெயிண்ட் படக்கூடாது

பிளீடர் நிப்பிளும் அதன் ரப்பர் மூடியும், ஹோஸும் அது சேரும் போல்ட்டும், பிஸ்டன் பூட், கைடு பின்னும் அதன் ரப்பர் உறையும், பேடு உட்காரும் காடியும் அதிலுள்ள ஸ்பிரிங் கிளிப்பும், டிஸ்க்கில் பேடு உரசும் முகம். இவை எல்லாவற்றையும் டேப்பால் மூடுங்கள். டிஸ்க்குக்கு ஃபாயிலைச் சுற்றினால் வேலை சுலபம். காடியில் பெயிண்ட் ஏறினால் பேடு இறுகி நின்று ஒரு பக்கமாகத் தேயும். கைடு பின்னில் ஏறினால் காலிப்பர் நகராது, டிஸ்க் கொதிக்கும்.

இன்னோர் இடத்தைப் பலர் கவனிப்பதில்லை. சக்கரம் வந்து உட்காரும் ஹப்பின் முகம். அழகுக்காக அதற்கும் ஒரு கோட்டு இழுத்துவிடுவார்கள். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே பெயிண்ட் இருந்தால், ஓட ஓட அது நசுங்கி மெலியும். மெலிந்த அளவுக்கு நட்டு தளரும். அந்த முகமும் நட்டு ஏறும் ஸ்டட்டின் மரையும் வெற்று இரும்பாகவே இருக்கட்டும்.

அடிப்பது

இவ்வளவுக்குப் பிறகு பெயிண்ட் அடிப்பது சின்ன வேலைதான். இரண்டு காலிப்பருக்கும் சேர்த்தே கொஞ்சம்தான் செலவாகும். அதனால் ஒரு கோட்டுக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். ஹார்டனர் சேர்ந்த பெயிண்ட் டின்னில் காத்திருக்காது. கையுறையும் மாஸ்க்கும் கழற்ற வேண்டாம். இந்த வகையை ஸ்பிரே கன்னில் அடிப்பதை வீட்டில் செய்யாதீர்கள். ஹார்டனர் சிலவற்றில் உள்ள ஐசோசயனேட் புகையாகக் கலந்தால் மூச்சுக்குப் பெரிய ஆபத்து. பிரஷ்ஷில் அந்த அளவுக்குப் பறக்காது, என்றாலும் காற்றோட்டமான வெளியிடம்தான் வேண்டும்.

முதல் கோட்டு மெல்லியதாக, அடி இரும்பு அங்கங்கே தெரிந்தாலும் பரவாயில்லை என்னும் அளவில். பிரஷ் நுனியை மட்டும் தோய்த்து, டின் விளிம்பில் ஒரு பக்கம் வழித்துவிட்டு, முதலில் எழுத்துப் பள்ளங்களையும் மூலைகளையும் மெல்லிய பிரஷ்ஷால் நிரப்புங்கள். பிறகு அகலமான முகங்களை ஒரே திசையில் இழுங்கள். ஒரு முறை இழுத்த இடத்தைக் காயத் தொடங்கிய பிறகு திரும்பித் தொடாதீர்கள். கீழ் விளிம்பை இரண்டு நிமிடம் கழித்துக் குனிந்து பாருங்கள். அங்கேதான் பெயிண்ட் இறங்கிச் சொட்டாகத் தொங்கும். காய்ந்த பிரஷ்ஷால் அந்தச் சொட்டை ஒற்றி எடுத்துவிடலாம்.

அடுத்த கோட்டு எப்போது என்பது டின்னில் இருக்கும். பொதுவாக விரல் வைத்தால் ஒட்டாமல், ஆனால் முழுக்க இறுகுவதற்குள் அடிக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கோட்டு போதும், குழி அதிகமானால் மூன்று. தடிமனாகப் பூசினால் சூட்டில் வெடிப்பதுதான் மிச்சம். கடைசிக் கோட்டு முழுசாகக் காயும் முன்பே டேப்பை மெதுவாக உரித்துவிடுங்கள். காய்ந்த பிறகு உரித்தால் விளிம்போடு பிய்ந்து வரும்.

பின்னால் டிரம். அதில் வெளிவட்டத்துக்கு மட்டும் அதே முறையில் அடித்தால் முன்னும் பின்னும் பொருந்தி நிற்கும். சக்கரம் உட்காரும் நடுமுகம் இங்கேயும் வெறுமையாகவே இருக்க வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் உதவாது என்பதால், கியரில் போட்டு முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள்.

மாட்டுவதும் ஓட்டுவதும்

டின்னில் சொன்ன நேரம்வரை, முடிந்தால் அன்றிரவு முழுக்க, சக்கரம் மாட்டாமல் ஸ்டாண்டிலேயே விடுங்கள். தெருவில் குழந்தைகள் விளையாடும் இடமென்றால் அப்படி விடாதீர்கள். பெயிண்ட் தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் சக்கரத்தை மாட்டி இறக்கிவிட்டு, வண்டியை எடுக்காமல் நிறுத்தி வையுங்கள்.

டிஸ்க்கின் இரு முகத்தையும் பிரேக் கிளீனரால் கடைசியாக ஒரு முறை துடைத்துவிட்டுச் சக்கரத்தை மாட்டுங்கள். நாலு நட்டையும் கையால் திருகி, எதிரெதிராக முடுக்கி, வண்டி தரையில் இறங்கிய பிறகு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். ஸ்டட்டில் எண்ணெய் கிரீஸ் எதுவும் தடவ வேண்டாம்.

வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலைச் சில முறை மிதியுங்கள். கெட்டியாக நின்றால் எடுக்கலாம். இறங்கிக்கொண்டே போனால் எடுக்கக் கூடாது. தெருமுனைவரை மெதுவாகப் போய் நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா, உரசல் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். முதல் சில நாள் மலைப்பாதையும் ஈசிஆர் வேகமும் வேண்டாம். பெயிண்ட் வாசம் லேசாக வரலாம். புகை வந்தால் உடனே நிறுத்திப் பாருங்கள், ஏதோ பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை மறுபடி ஒரு முறை டார்க் ரெஞ்சால் பார்த்துவிடுங்கள்.

வாட்டர் வாஷுக்கு விடும்போது, அலாய் வீலுக்கு ஆசிட் கலந்த கிளீனர் அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் சக்கர இடுக்கு வழியே நல்ல தண்ணீரைப் பீய்ச்சி உப்பைக் கழுவிவிட்டால் போதும். எங்காவது கல் பட்டு உரிந்திருந்தால், அந்த இடத்தை மட்டும் 240ல் தேய்த்து, துடைத்து, ஒரு சொட்டு கலந்து வையுங்கள். முழுக் காலிப்பரையும் திரும்ப அடிக்கத் தேவையில்லை.